பத்து நாள் பொறு! பிறகுதான் துப்பாக்கி!



நம் தோட்டத்து மக்களில் துப்பாக்கியைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். துரை பங்களாவின் சுவரில் மாட்டியிருந்த வேட்டைத் துப்பாக்கியைத் தூர நின்று பார்த்திருப்போம். செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிட்டால், லைசென்ஸ் உள்ள யாராவது ஒருவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். நமக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அவசரகாலத்தைக் கண்ட பெரியவர்களுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே நடுக்கத்தைத் தரும். 1948இல் வந்த அவசரகாலச் சட்டத்தில், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில்தான். பிறகு 1960இல் ஆயுதச் சட்டம் வந்தது. 1971இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கிய சட்டம் வந்தது. கட்டாய மரண தண்டனை 2023இல்தான் நீங்கியது. அது நீங்கினாலும் நீண்ட சிறையும் பிரம்படியும் அப்படியே இருக்கின்றன.

இப்படிப்பட்ட நாட்டில் வாழும் நாம் அமெரிக்காவைப் பற்றி என்ன நினைக்கிறோம்? கறிகாய் வாங்குவதைப் போல அங்கே துப்பாக்கி வாங்கலாம். காசைக் கொடுத்தால் கையில் கொடுத்துவிடுவான் என்றுதானே நினைக்கிறோம்?

அது பாதி உண்மை. மறு பாதியைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அங்கே லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி விற்கிறவரும், சட்டப்படி வாங்க வருகிறவரும் படுகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல!

தபாலில் வந்த துப்பாக்கி

முன்பு அப்படி இல்லை. 1963 மார்ச் மாதத்தில் ஒரு வாலிபன், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சிகாகோ நகரத்துக் கடை ஒன்றுக்குப் பணம் அனுப்பினான். பெயரோ பொய்ப் பெயர். விலை, தூரம் காட்டும் கண்ணாடியோடு சேர்த்து 20 டாலருக்கும் குறைவு. துப்பாக்கி தபாலில் வந்து சேர்ந்தது. யார் நீ என்று கேட்பாரில்லை.

அந்த வாலிபன்தான் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடியின் உயிரைக் குடித்தது அந்தத் துப்பாக்கிதான் என்று விசாரணைக் குழு முடிவு சொன்னது.

அப்போதும் சட்டம் உடனே வரவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் கென்னடியின் தம்பி ராபர்ட் சுடப்பட்டார். மூன்று பெரிய சாவுகளுக்குப் பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தாயிற்று. பொதுமக்கள் தபாலில் துப்பாக்கி வாங்குவது நின்றது. துப்பாக்கி வியாபாரம் செய்கிறவர் மத்திய அரசாங்கத்தின் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும், விற்ற ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தாக வேண்டும் என்று விதி பிறந்தது.

1981இல் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது, அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பாய்ந்து முடமானார். அவரும் அவர் மனைவியும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 1993இல் பிரேடி சட்டம் வந்தது. கடையில் வாங்க வருகிறவர் குற்றவாளியா இல்லையா என்று பார்த்த பிறகே விற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இவையெல்லாம் நாடு முழுவதுக்குமான சட்டங்கள். இவற்றுக்கு மேல் ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கு வேண்டிய சட்டங்களைப் போட்டுக்கொள்ளலாம். சில மாநிலங்கள் மிகக் குறைவாகவே போட்டிருக்கின்றன. சில மாநிலங்கள் அடுக்கடுக்காய்ப் போட்டிருக்கின்றன. அப்படி அடுக்கிய மாநிலங்களில் முதன்மையானது கலிஃபோர்னியா.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள்

நீங்கள் கலிஃபோர்னியாவில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள திராட்சைத் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை. வீடு ஊருக்கு ஒதுக்குப்புறம். இரவில் திருட்டுப் பயம். ஒரு துப்பாக்கி வாங்கி வைப்போம் என்று கிளம்புகிறீர்கள்.

முதலில் வயது. 21 நிரம்பியிருக்க வேண்டும். அடுத்து பரீட்சை. ஆம், பரீட்சைதான்! துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாள்வது பற்றி 30 கேள்விகள். குறைந்தது 23க்குச் சரியான பதில் எழுதினால்தான் சான்றிதழ். அதற்குக் கட்டணம் 25 டாலர்.

சான்றிதழோடு கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் ஒரு நீண்ட படிவத்தை நீட்டுகிறார். பெயர், முகவரி, பிறந்த ஊர் எல்லாம் எழுதிய பிறகு கேள்விகள் வருகின்றன. பெரிய குற்றத்திற்குத் தண்டனை பெற்றதுண்டா? வழக்கு நிலுவையில் உள்ளதா? போதைப்பொருள் பழக்கம் உண்டா? மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதுண்டா? மனைவியை அடித்த வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா? உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா, வேறு யாருக்காகவாவது வாங்குகிறீர்களா? பொய் எழுதினால் சிறை.

எழுதி முடித்தாயிற்று. அரசாங்கம் சரிபார்க்க வேண்டுமே, அதற்கும் கட்டணம் உண்டு. 2020 முதல் அது 37 டாலர் 19 சென்ட். 2024 ஜூலை 1 முதல் இன்னொரு சுமையும் சேர்ந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்கு 11 வீதம் மாநிலத்தின் தனி வரி. வரியைக் கட்ட வேண்டியவர் கடைக்காரர்தான் என்றாலும், அது வந்து விழுவது வாங்குகிறவர் தலையில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 டாலர் துப்பாக்கிக்கு வரி 55. சரிபார்க்கும் கட்டணம் 37.19. சான்றிதழ் 25. ஆக மொத்தம் 117 டாலர் 19 சென்ட் கூடுதல். வழக்கமான விற்பனை வரி இதில் சேரவில்லை. மாளிகையில் வாழ்கிறவருக்கு இது ஒரு தொகையா? அவர் வாசலில் காவலாளியையே நிறுத்திக்கொள்வார். கூலிக்குப் பழம் பறிக்கிறவருக்கோ ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

சரி, பணத்தையும் கட்டிவிட்டீர்கள். துப்பாக்கி கைக்கு வந்ததா? இல்லை! "பத்து நாள் கழித்து வாருங்கள்" என்கிறார் கடைக்காரர். இருபத்து நான்கு மணி நேரம் கொண்ட பத்து முழு நாட்கள். அவசரம், ஆபத்து என்று கடைக்காரரிடம் கெஞ்சினாலும் பயனில்லை.

தோட்டா வாங்கும்போதும் இதே கதைதான். 2019 ஜூலை முதல் ஒவ்வொரு முறையும் பெயரைச் சரிபார்த்த பிறகே தோட்டா கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவரில் இருவர் இந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். வழக்கு அத்துடன் முடியவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம், ஆயுதம் வைத்திருப்பது மக்களின் உரிமை என்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படிகளில் ஏறாத ஆண்டே கிடையாது.

கடைக்காரரின் பாடு

இனிக் கடைக்காரரின் நிலையைப் பார்ப்போம். நம் தோட்டத்துக் கிராணி செக்ரோலில் ஒரு பெயரை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? சம்பள நாளன்று சண்டை வரும். துப்பாக்கிக் கடைக்காரர் ஓர் எண்ணைத் தவறாக எழுதினால், லைசென்சே கேள்விக்குறியாகிவிடக்கூடும்.

கடைக்குள் வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பேரேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். செய்தவர் யார், என்ன மாதிரி, வரிசை எண் என்ன, எந்த நாளில் யாரிடமிருந்து வந்தது, எந்த நாளில் யாரிடம் போனது? வாடிக்கையாளர் எழுதிய படிவத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். முன்பு இருபது ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். 2022 முதல், கடை இருக்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

ஒரே ஆள் ஐந்து வேலை நாட்களுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் அரசாங்கத்திற்குத் தனி அறிக்கை. கடையிலிருந்து ஒன்று காணாமற்போனால் 48 மணி நேரத்திற்குள் அறிக்கை. ஏதோ ஒரு ஊரில் கொலை நடந்து, அங்கே கிடைத்த துப்பாக்கி உங்கள் கடையில் விற்றதா என்று கேட்டால் 24 மணி நேரத்திற்குள் பதில்.

கலிஃபோர்னியாவில் இதற்கும் மேலே உண்டு. மாநிலத்தின் தகுதிச் சான்றிதழ் ஒன்று, ஊராட்சியின் லைசென்ஸ் ஒன்று. 2024 ஜனவரி முதல் கடை முழுவதும் படம் பிடிக்கும் காமிரா. பத்து லட்சம் டாலருக்குக் காப்புறுதி.

இல்லினாய் மாநிலத்தில் 2019இல் ஒரு சட்டம் போட்டார்கள். மத்திய லைசென்ஸ் போதாது, மாநிலச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். கடை வைத்து நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டுக்குக் கட்டணம் 1,500 டாலர். பெரிய கடைகள் கட்டிவிட்டன. வீட்டோடு சேர்த்துச் சிறு கடை வைத்திருந்தவர்களில் பலர், "இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் துப்பாக்கி விற்கும் லைசென்ஸ் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரிடம் இருந்தது. காரணம், கட்டணம் ஆண்டுக்கு 10 டாலர்தான். கடையே இல்லாமல், சமையலறை மேசையில் வைத்து விற்றவர்கள் ஏராளம். 1993இல் கட்டணத்தை மூன்று ஆண்டுக்கு 200 டாலராக உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு, கைரேகையும் நிழற்படமும் வேண்டும் என்றார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூட்டம் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது! கைரேகை என்றதும் ஒதுங்கியவர்களில் எத்தனை பேர் ஒழுங்கானவர்கள், எத்தனை பேர் ஒளிந்து விற்றவர்கள்? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மலைபோல் காகிதம்

இவ்வளவு கணக்கும் எழுதுகிறார்களே, எல்லாம் ஒரு கணினிக்குள் போய்விடுமா? போகாது! அதுதான் வேடிக்கை.

துப்பாக்கி வைத்திருப்போர் எல்லாருடைய பெயரையும் ஒரே பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று 1986இல் ஒரு சட்டம் தடை போட்டது. அரசாங்கம் நாளைக்கு வீடு வீடாக வந்து பறித்துக்கொள்ளுமோ என்ற பயம்தான் காரணம். ஆகவே மேற்கு வர்ஜினியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்பர்க் என்னும் ஊரில் உள்ள அரசாங்க அலுவலகத்தில், மூடிப்போன கடைகளின் பேரேடுகளும் படிவங்களும் பெட்டி பெட்டியாக வந்து குவிகின்றன. அவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தாலும், பெயரைத் தட்டினால் விடை வரும்படி வைக்கக்கூடாது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கையால் "எழுது, எழுது" என்கிறது சட்டம். மறு கையால் "தேடாதே" என்கிறது. எழுதிய கடைக்காரருக்கும் சுமை, தேடுகிற ஊழியருக்கும் சுமை!

முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறத்தில் திறப்பு

எல்லாவற்றிலும் பெரிய கோளாறு இனித்தான் இருக்கிறது.

படிவம், சோதனை, பேரேடு எல்லாம் லைசென்ஸ் உள்ள கடைக்காரருக்குத்தான். வியாபாரமாகச் செய்யாமல் தன்னிடம் உள்ள துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்கிற தனி ஆளுக்கு, மத்திய சட்டப்படி படிவமும் இல்லை, சோதனையும் இல்லை. கலிஃபோர்னியா 1991லேயே இந்த வழியை அடைத்துவிட்டது. தனியார் விற்றாலும் கடைக்காரர் மூலமாகத்தான் கைமாற வேண்டும். எல்லைக்கு அப்பால் அரிசோனாவில் அப்படி ஒரு விதி இல்லை. அங்குள்ளவர் வெளி மாநிலத்தாருக்கு விற்கக்கூடாது என்பது சட்டந்தான். படிவமே இல்லாத இடத்தில் யார் எந்த ஊர் என்று பார்ப்பது யார்?

பினாமி வேலையும் உண்டு. குற்றவாளி வெளியே காரில் உட்கார்ந்திருப்பான். சுத்தமான பெயருள்ள காதலியோ கூட்டாளியோ உள்ளே போய்த் தன் பெயரில் வாங்கி வந்து கொடுப்பார். 2022 ஜூனில் வந்த மத்திய சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கி, பதினைந்து ஆண்டு வரை சிறை என்றது.

சட்டத்திற்குள்ளேயே ஓட்டை இருந்த கதையையும் கேளுங்கள். மத்திய விதிப்படி, மூன்று வேலை நாட்களுக்குள் சோதனை முடியவில்லையென்றால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் ஒரு வாலிபனின் சோதனை இழுபறியில் நின்றது. மூன்று நாள் கடந்தது. துப்பாக்கி அவன் கைக்குப் போயிற்று. ஜூன் 17ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வழிபட்டுக்கொண்டிருந்த ஒன்பது கறுப்பின மக்களை அவன் சுட்டுக் கொன்றான். அவன் பெயர் சோதனையில் தடுக்கப்பட்டிருக்க வேண்டும், தவறு நடந்துவிட்டது என்று மத்தியப் புலனாய்வுத் துறையின் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இரண்டு கண்ணீர்

பத்து நாள் பொறு என்பது நியாயந்தானா?

அதே 2015இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு பெண். முன்பு பழகியவன் மிரட்டினான். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார். வீட்டில் காமிரா வைத்தார். துப்பாக்கி வாங்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். முப்பது நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாள் கடந்தும் முடிவு வரவில்லை. அவன் வந்துவிட்டான். சொந்த வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றுவிட்டான். அந்தத் தாமதத்துக்கு யார் பதில் சொல்வது?

இது ஒரு கண்ணீர். இன்னொன்றும் இருக்கிறது.

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்! கொள்ளைக்காரன் கொன்றதைவிட, மனமுடைந்த ஒரு நிமிடம் கொன்றதே அதிகம். அந்தப் பத்து நாள் யாருக்காக என்று இப்போது தெரிகிறதா? கோபத்தில் கடைக்கு ஓடுகிறவன் கோபம் தணியட்டும், துக்கத்தில் ஓடுகிறவள் அருகே ஓர் உறவாவது வந்து உட்காரட்டும் என்பதற்காக.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் மருந்து ஸ்டோருக்கு ஏன் பூட்டுப் போட வேண்டும்? களைக்கொல்லியை ஏன் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது? லயத்தில் ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு காதல் தோல்வி; கைக்கெட்டும் இடத்தில் ஒரு போத்தல். எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கின்றன! பாராகுவாட் என்னும் அந்த நஞ்சை நம் அரசாங்கம் 2002இல் தடுத்தது. 2006இல் தடையை எடுத்தது. 2020 ஜனவரி 1 முதல் ஒரேயடியாகத் தடுத்தது. களை எடுப்பது சிரமமாகும், செலவாகும் என்று குரல் எழத்தான் செய்தது. அந்தச் சிரமமும் உண்மை. அதனால் பிழைக்கும் உயிர்களும் உண்மை.

பூட்டு வேண்டும், எல்லா வாசலுக்கும் வேண்டும்

ஆகவே வாசகர்களே, கட்டுப்பாடே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். விதிகள் பலவற்றின் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. தபாலில் வந்த துப்பாக்கியால் ஒன்று, சோதனை செய்யாமல் விற்றதால் ஒன்று.

ஆனால் சுமையைச் சரியாகப் பிரிக்க வேண்டாமா? பேரேடு எழுதுகிற கடைக்காரரை எழுத்துப் பிழைக்காக வாட்டிவிட்டு, பக்கத்து மாநிலத்தில் கார் டிக்கியைத் திறந்து விற்கிறவனைக் கேள்வி கேட்காமல் விடுவது என்ன நியாயம்? கூலிக்காரனிடம் 117 டாலர் கூடுதலாக வாங்கிவிட்டு, பினாமியைத் தப்பவிடுவது என்ன நியாயம்? உயிருக்குப் பயந்து விண்ணப்பித்த பெண்ணின் தாளை, மற்றத் தாள்களோடு தாளாக மேசையில் போட்டு வைப்பது என்ன நியாயம்? காத்திருக்கச் சொல்லும் அரசாங்கம், காத்திருக்கும் வரையில் அவளைக் காக்கவும் வேண்டும்.

சட்டத்திற்குக் கட்டுப்படுகிறவனுக்கே சட்டம் பாரமாகவும், கட்டுப்படாதவனுக்கு அது காற்றாகவும் இருந்தால், நாளடைவில் நல்லவனும் "எதற்கு இந்தத் தொல்லை?" என்று கொல்லைப்புற வழியைத் தேடுவான். இது துப்பாக்கிக்கு மட்டுமா பொருந்தும்? பெர்மிட்டுக்கும் லைசென்சுக்கும் கவுண்டர் கவுண்டராக நின்று கால் கடுத்தவர்கள் நம்மிலும் உண்டே!

அமெரிக்காவின் துப்பாக்கி நமக்கு வேண்டாம். அந்த நாட்டின் அனுபவம் நமக்கு வேண்டும். உங்கள் வீட்டில் களைக்கொல்லி போத்தல் ஒன்று மூலையில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கிடந்தால், எடுத்துப் போய் ஸ்டோரில் ஒப்படையுங்கள். சாவி உங்களிடம் இல்லாதிருப்பது சிரமந்தான். என்றைக்காவது ஓர் இரவில், அந்தச் சிரமமே உங்கள் பிள்ளையைக் காப்பாற்றும்.